குழாய் போட்டாயிற்று, கணக்குப் போட்டோமா?

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். தக்காளி, கத்தரி, மிளகாய்த் தோட்டங்களில் கறுப்பு லேட்டரல் குழாய் ஓடுவது இன்று யாருக்கும் புதிதல்ல. ஆனால் குழாய் கிடப்பதாலேயே தண்ணீர் மிச்சமாகிவிடாது. வாய்க்காலில் தண்ணீர் கட்டியபோது பார் நனைந்ததைக் கண்ணால் பார்த்து மடை மாற்றினோம். சொட்டுநீரில் நனைவதெல்லாம் மண்ணுக்குள்ளே. மேலே தெரிவது கையகல ஈரம்தான். அதைப் பார்த்து 'இன்னும் பத்தவில்லை' என்று மோட்டாரை ஓடவிடுவது இயல்பு. மானியத்தோடு பாசனக் கணக்கையும் கற்றுத் தராதவரை, இந்த முதலீட்டின் பாதிப் பயன் வீண்.

கணக்கு கடினமானதுமில்லை. ஐந்தடிக்கு ஒரு லேட்டரல், இரண்டடிக்கு ஒரு டிரிப்பர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,350 டிரிப்பர்கள். மணிக்கு 4 லிட்டர் வீதம் 17,400 லிட்டர் இறங்கும். நன்கு படர்ந்து காய்க்கும் தக்காளிக்கு, மிதமான வெயிலில், ஒரு நாளைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. அதாவது ஒரு மணி நேரம். இளம்பயிருக்கு இன்னும் குறைவு. மும்முனை மின்சாரம் இருக்கும்வரை மோட்டார் ஓடினால், மிச்சத் தண்ணீர் வேரைத் தாண்டிக் கீழே போகும். காசு கொடுத்து வாங்கிக் கரைத்துவிட்ட தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 2004-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் தொடங்கிய துல்லியப் பண்ணைத் திட்டம் விளைச்சலைக் கூட்டியதென்றால், குழாய் மட்டும் அதற்குக் காரணமில்லை. குழித்தட்டு நாற்று, பயிரின் பருவத்துக்கேற்ற நீர்வழி உரம், தோட்டத்துக்கே வந்து வழிகாட்டிய வல்லுநர்கள், குழுவாகச் சேர்ந்து விற்பனை எல்லாம் கூடவே வந்தன.

உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைத்துக்கொள்கிறது, எலியும் அணிலும் குழாயைக் கடிக்கின்றன என்று விவசாயிகள் சொல்வது நியாயமான குறை. ஃபில்டரை அடிக்கடி கழுவுவது, லேட்டரல் முனைகளைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியேற்றுவது, உப்புப் படிவுக்கு அமிலம் விடுவது ஆகியவற்றைச் செய்தால் அடைப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம். கடிபட்ட குழாய்க்கு மாற்றுச் செலவு தவிர்க்க முடியாதது. பராமரிப்புக்கும் அரசு கைகொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மிச்சமான தண்ணீர் கிணற்றில் தங்குவதில்லை. தரிசாகக் கிடந்த பக்கத்து நிலத்துக்குப் போகிறது. பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். உண்மைதான். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்னும்போது தண்ணீரைக் கிணற்றில் விட்டுவைக்க எந்த விவசாயிக்கும் காரணமில்லை. ஆகவே சொட்டுநீர் நிலத்தடி நீரைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கு, எடுக்கும் நீருக்கு ஊர் கூடி வரம்பு வைக்க வேண்டும். சொட்டுநீர் தருவது வேறு: அதே தண்ணீரில் கூடுதல் காய், குறைந்த களை, உரச் சிக்கனம். கோடையில் கிணறு கைவிடும் ஊர்களில் அது சிறிய விஷயமல்ல.

அடுத்த நடவுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேட்டரலின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று டிரிப்பர்களின் கீழ்க் கிண்ணம் வைத்து 15 நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். 4 லிட்டர் டிரிப்பரில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர் சேர வேண்டும். கடைசிக் கிண்ணத்தில் வெகுவாகக் குறைந்தால், மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டாதீர்கள். ஃபில்டரையும் அழுத்தத்தையும் முதலில் சரிபாருங்கள்.