நாய்க்குட்டி வாங்குமுன் தாய்நாயைக் காண்க

வேப்பந்தட்டைத் தாலூகாவில் புஞ்சைச் சாகுபடியே பெரும்பான்மை. பச்சைமலை அடிவாரத்தைத் தொட்டு விரிந்துள்ள நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. பட்டறையிலிட்ட வெங்காயத்திற்கும், களத்தில் காயும் சோளத்திற்கும், பட்டியிலடைத்த ஆடுகளுக்கும் இராக்காவல் அவசியம். ஆகையால் இப்பக்கத்துக் குடியானவர்க்கு நாய் ஆடம்பரப் பொருளன்று. உழவு மாட்டைப் போலவே பண்ணைக்கு இன்றியமையாத உயிராகும்.

எனினும், மாடு வாங்குவதில் காட்டும் ஜாக்கிரதையை நாய் வாங்குவதில் எவரும் காட்டுவதில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், பால்மாடாயின் தாமே கறந்தும் பார்ப்பார். அவரே கைப்பேசியில் வந்த ஒரு படத்தை நம்பி முன்பணம் அனுப்பிவிட்டு, பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாதவனிடம் அட்டைப்பெட்டியில் அடைத்த குட்டியைப் பெற்றுக்கொள்கிறார். அக்குட்டி எங்கே பிறந்தது, அதன் தாய் எந்நிலையில் இருக்கிறது என்று அவர் கேட்பதுமில்லை, விற்பவன் சொல்வதுமில்லை.

குட்டி வியாபாரத்தின் உட்புறம்

பெட்டை நாய் சாதாரணமாய் வருஷத்தில் இரு முறை பருவத்திற்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஈன்றபின் பாலூட்டி, இளைத்த உடல் தேறுவதற்குப் பல மாதங்கள் செல்லும். இலாபமே குறியாகக் கொண்டவன் அந்த அவகாசத்தை அளிப்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்து, கூண்டிலேயே ஈனச் செய்து, தாயின் வலு முற்றும் ஒடுங்கியபின் அதைத் தெருவில் விட்டுவிடுகிறான். குட்டியையோ பால்குடி மறக்குமுன்னரே, நான்கைந்து வாரத்தில் விற்றுவிடுகிறான்.

இதன் பயனை வாங்கியவரே அனுபவிக்கிறார். நெருக்கமும் அசுத்தமும் மிகுந்த இடத்தில் பிறந்த குட்டிகளைப் பார்வோ என்னும் கழிச்சல் நோயும் டிஸ்டெம்பர் நோயும் எளிதில் பற்றும். வாங்கும் நாளில் குட்டி துள்ளி விளையாடும். ஒரு வாரத்திற்குள் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு மடியும். பார்வோ நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். ஆதலால், அவ்விடத்தில் தடுப்பூசி போடாத வேறு குட்டியை உடனே கொண்டுவந்து வளர்த்தல் கூடாது. மேலும், தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு இளமையிலேயே பிரிந்த நாய், கடிக்கும் அளவறியாது வளர்ந்து, வீட்டுக் குழந்தைகளையே கடிப்பதும் உண்டு.

நம் நாட்டு ஜாதிகள்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் பெயர்பெற்ற ஜாதிகள். இவற்றுள் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நால் நகரிலுள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகத்தின் பதிவைப் பெற்றவை. புகழ் பெருகவே, நெருங்கிய இரத்த உறவுள்ள நாய்களையே மீண்டும் மீண்டும் இணைசேர்க்கும் வழக்கமும் பெருகியது. வெள்ளை இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. செவிட்டு நாய் காவலுக்கு உதவாது. ஆகவே, குட்டி அறியாதவாறு அதன் பின்னே நின்று கை தட்டி, அது திரும்புகிறதா என்று சோதித்தே வாங்குதல் வேண்டும்.

நாட்டு ஜாதிகளைக் காக்கும் நோக்கம் மாத்திரம் போதாது என்பதற்கு உதாரணம் உண்டு. இந்நான்கு ஜாதிகளையும் விருத்தி செய்யச் சென்னை சைதாப்பேட்டையில் அரசாங்கமே ஒரு நாய் இனவிருத்திப் பிரிவை நடத்தி வந்தது. அங்கே நாய்களைப் பராமரித்த முறையில் குறைகள் உண்டென்று வழக்குத் தொடரப்பட்டு, 2016-ஆம் வருஷத்தில் அதை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசாங்க நிலையத்திற்கே இவ்விதி நேருமாயின், எவர் கண்ணிலும் படாத கொட்டகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

சட்டம் கூறுவது

1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ், 2017-ல் நாய் இனவிருத்தி, விற்பனை பற்றிய விதிகள் வெளியாயின. அவற்றின் சாரம் வருமாறு:

1. நாய்களை ஈனச் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.
2. பெட்டை நாய்க்குப் பதினெட்டு மாதம் நிரம்புமுன் இணை சேர்த்தல் கூடாது.
3. வருஷத்தில் ஓர் ஈற்றுக்கு மேலும், ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் கூடாது.
4. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றல் கூடாது.

வாங்குவோர் செய்யவேண்டியவை

தாயைத் தண்ணீர்த்துறையிலே பார்த்தால் பெண்ணை வீட்டிலே பார்க்கவேண்டாம் என்பது பழமொழி. குட்டி பிறந்த இடத்திற்கு நேரிலேயே செல்க. தாய்நாயைக் காட்டச் சொல்க. அது எலும்பு தெரிய இளைத்தோ, சொறி கொண்டோ, ஆளைக் கண்டு நடுங்கியோ இருப்பின் திரும்பிவிடுக. தாயைக் காட்ட மறுப்பவனிடமும், கேட்ட ஜாதி எதையும் கேட்டவுடன் தருவேன் என்பவனிடமும் வாங்கற்க. பதிவுச் சான்றையும் தடுப்பூசிச் சீட்டையும் பார்க்க. சீட்டில் கால்நடை மருத்துவரின் கையொப்பம் இருத்தல் அவசியம். கிரயத்திற்கு இரசீது பெறுக. குட்டியின் மீது இரக்கங்கொண்டு, அதை விடுவிக்கும் எண்ணத்தில் பணங்கொடுத்தல் வேண்டாம். அப்பணமே அத்தாயை அடுத்த ஈற்றுக்குத் தள்ளும்.

காவல் ஒன்றே நோக்கமாயின் ஜாதி நாயைத் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. கிராமத்திலேயே பிறந்த நாட்டு நாய்க்குட்டி இவ்வூர் வெயிலுக்குப் பழகியது, அதன் தாயும் நாள்தோறும் கண்ணெதிரே இருப்பது, விலையும் இல்லை. மூன்றாம் மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொற்படி மறு ஊசியும், பின்னர் வருஷந்தோறும் ஊசியும் போடுவித்தல் வேண்டும். குட்டிகள் வேண்டாதவர் கருத்தடை செய்துவிடுவாராயின், குட்டிகளை ஊர் எல்லையில் கொண்டுபோய் விடும் பாவமும் நேராது.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சியாரும் தங்கள் எல்லைக்குள் பதிவின்றி நடக்கும் குட்டி வியாபாரத்தைக் கால்நடை உதவி மருத்துவருக்கு அறிவித்தல் நலம். தடுப்பூசி முகாம் நடக்கும் நாளைத் தண்டோராவினாலோ ஒலிபெருக்கியினாலோ முன்கூட்டியே ஊரார்க்குத் தெரிவித்தலும் அவர்கள் செய்யக்கூடிய உதவியே.

காவல் நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டோடு வாழ்வது. அதைத் தேடுவதில் ஒரு நாள் செலவிட்டு, தாயைக் கண்டு, மனம் ஒப்பி வாங்குபவர், தம் பணத்தைக் காத்துக்கொள்வதோடு, வாயில்லாப் பிராணியொன்றின் துன்பத்திற்கும் உடந்தையாகாதவர் ஆவார்.