ஓர் அருவி நத்தையும் ஒரு பழந்தின்னி வௌவாலும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர், கல்லாற்றைக் கடந்து இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகையில், நீர் கசியும் பாறைகளையும் அடர்ந்த காட்டையும் மாறி மாறிக் காண்பர். மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் இக்காட்சியே. இத்தகைய பாறையை நம்பி வாழும் நத்தையொன்றையும், இத்தகைய காட்டை நம்பி வாழும் வௌவாலொன்றையும் இங்கே ஒப்பிடுவோம். இரண்டும் இம்மலைத் தொடரிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

நத்தையின் பெயர் கிரெம்னோகாங்கஸ் சையாத்ரென்சிஸ். இது பொன்முடிக்கு வெகு வடக்கே, மகாராட்டிரத்துச் சையாத்திரி மலைகளில் வாழ்வது. 1863-இல் பிளான்ஃபோர்டு இதனை விவரித்தார். விரல் நகத்தளவேயான இப்பிராணி, அருவிநீர் தெறிக்கும் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டு, அரம் போன்ற நாவினால் பாசியைச் சுரண்டித் தின்னும். இதன் குடும்பத்தினர் ஏறக்குறைய யாவரும் கடலோரப் பாறைவாசிகள். அவர்களுள் நன்னீரை ஏற்றது இப்பேரினம் ஒன்றே. 2013-இல் மேலும் ஆறு இனங்கள் விவரிக்கப்பெற்று, பேரினத்தின் இனங்கள் ஒன்பதாயின. ஓர் அருவியிலிருந்து மற்றோர் அருவிக்கு ஊர்ந்து செல்லுதல் எளிதன்று. ஆதலால் அவை பிரிந்து பிரிந்து தனி இனங்களாயின எனலாம்.

வௌவாலின் கதை வேறு. 1948-இல் மேகமலையில் ஹட்டன் என்னும் தோட்டக்காரர் பிடித்த மாதிரி ஒன்று, சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி எனப் பெயர்ச்சீட்டு ஒட்டப்பெற்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்தார். புறத்தே வால் இல்லை. தாடைக்கு ஓரிணை வெட்டுப்பற்களே உள்ளன. இது புதிய பேரினம் என்று கண்டு, டாக்டர் சாலிம் அலியின் பெயரால் லாட்டிடென்ஸ் சலிமலீ என அழைத்தார். உயிருடன் மீண்டும் அகப்பட்டது 1993-இல்தான். பின்னர், பொன்முடி அமைந்துள்ள அகத்தியமலைத் தொகுதியிலேயே, கீழைச் சரிவிலுள்ள களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் காணப்பட்டது.

சிறகிருந்தும் இது ஏன் பரவவில்லை? பகலில் தங்க இருண்ட குகை வேண்டும். இரவில் உண்ண அத்தி முதலிய காட்டுக்கனிகள் வேண்டும். இரண்டும் அருகருகே அமைந்த இடங்கள் சிலவே. நத்தைக்கு ஊர்தலின் மெதுவான வேகம் தடை. வௌவாலுக்குத் தன் தேவைகளே தடை.

அழிவு நேரும் முறையும் வேறுபடுகின்றது. ஓடையின் நீரை வேறுபக்கம் திருப்பினால், அப்பாறையிலுள்ள நத்தைக் கூட்டம் முழுவதும் ஒரே கோடையில் மடியக்கூடும். வௌவால் வேறு குகை தேடிப் பறக்கலாம். ஆயினும் ஒரு பேற்றுக்கு ஒரு குட்டியே ஈனுவதால், இழந்த தொகையை மீட்க நெடுங்காலம் செல்லும். விசித்திரம் யாதெனில், இவ்வினம் அறியப்பட்ட அதே 1972-இல் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. பின்னரே பழந்தின்னிகளுள் இது மட்டும் அதினின்று நீக்கப்பெற்று, முதல் அட்டவணையில் இடம்பெற்றது.