பொம்மைக் கட்டைகளுக்கும் இருப்புப் பதிவேடு

ஆண்டு முடிவில் சரக்கிருப்பு எடுப்பது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நகம் அளவுள்ள ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகளுக்கு அதே வேலையைச் செய்பவர்கள் மேலை நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் லெகோ கட்டைகளைச் சேகரிப்பவர்கள். இணையத்தின் துணையோடு அவர்கள் கணக்கு வைக்கும் முறை நாம் அறியத்தக்கது.

சரக்கும் அதன் மதிப்பும்

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய நிறுவனமே லெகோ. இறுகப் பொருந்தும் இன்றைய கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. அன்றைய கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். ஆகவே பழைய சரக்குக்கும் தேவை குறைவதில்லை. உற்பத்தி நின்றுபோன சில பெட்டிகள் முதல் விலையைவிடக் கூடுதலாகவும் விலை போகின்றன.

ஆனால் எல்லாம் கலந்து கிடந்தால், வாங்க வருபவர் கிலோ கணக்கில்தான் விலை கேட்பார். வகை பிரித்துப் பட்டியல் போட்டிருந்தால் உருப்படி கணக்கில் விலை பேசலாம். இந்த வித்தியாசமே பட்டியலின் பலன்.

மூன்று தளங்கள்

ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 'பிரிக்செட்' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் பெட்டியின் விவரம் வரும். நம்மிடம் உள்ளதா, என்ன விலைக்கு வாங்கியது என்பதையும் குறித்து வைக்கலாம். இது கொள்முதல் ஏடு போன்றது.

'ரீபிரிக்கபிள்' தளம் அந்தப் பெட்டியை உதிரிகளாகப் பிரித்து, எந்தக் கட்டை எந்த நிறத்தில் எத்தனை என்று காட்டும். கையிருப்பைக் கொண்டு வேறு எதைக் கட்டலாம், அதற்கு எது குறைகிறது என்றும் சொல்லும்.

'பிரிக்லிங்க்' 2000-ல் தோன்றிய சந்தை. பல நாடுகளின் சிறு விற்பனையாளர்கள் இதில் கடை வைத்திருக்கிறார்கள். இங்குள்ள விலை வழிகாட்டியில், கடந்த ஆறு மாதங்களில் விற்ற விலை ஒரு புறமும், இப்போது விற்பவர் கேட்கும் விலை மறுபுறமும் இருக்கும். புதியது, பழையது என்று தனித்தனியாகவும் காட்டும். சரக்கை மதிப்பிட விற்ற விலையையே பார்க்க வேண்டும். கேட்கும் விலை விற்பவரின் ஆசை. சரக்கு அந்த விலைக்குப் போகும் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தவறு நேரும் இடங்கள்

வரிசைக்கு நான்கு குமிழ்களாக இரண்டு வரிசைகள் அமைந்த கட்டையின் எண் 3001. இது வடிவத்துக்கான எண்தான்; நிறத்துக்குத் தனி எண் உண்டு. சாதாரணச் சிவப்பு நிறம் லெகோ நிறுவனத்தில் 21, பிரிக்லிங்கில் 5, ரீபிரிக்கபிளில் 4. ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தில் அப்படியே எழுதினால் கணக்கு கெட்டுவிடும்.

2004-ஐ ஒட்டி நிறுவனம் சாம்பல் நிறத்தை மாற்றி, சற்று நீலம் கலந்த சாம்பலைக் கொண்டுவந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். பட்டியலில் இரண்டும் வெவ்வேறு சரக்கு. எனவே நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பிரிப்பதே நல்லது.

பெட்டி எண்ணைப் பதிந்தவுடன் உதிரிகள் முழுவதும் இருப்பதாகத் தளம் கணக்கில் ஏற்றிவிடும். தொலைந்தவற்றை நாமேதான் கழிக்க வேண்டும். ஒரே வகைக் கட்டை ஏராளமாக இருந்தால், நூறு எண்ணி எடை பார்த்துக்கொண்டு, மொத்த எடையிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடலாம்.

பிரதி அவசியம்

பிரிக்லிங்கை நிறுவிய டேனியல் யெசெக் 2010-ல் காலமானார். தளம் 2013-ல் கை மாறியது. 2019-ல் லெகோ நிறுவனமே அதை வாங்கியது. 2023 நவம்பரில் பாதுகாப்புக் கோளாறு காரணமாகச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. அந்த நாட்களில் அங்கு மட்டுமே கணக்கு வைத்திருந்தவர் தம் இருப்பைத் தாமே பார்க்க முடியாது. ஆகவே பட்டியலை அவ்வப்போது இறக்கிக் கணினியில் ஒரு பிரதியும், வேறிடத்தில் இன்னொரு பிரதியும் வைப்பது அவசியம். தீ, வெள்ளம், திருட்டு நேர்ந்து காப்பீடு கோரும்போதும், உரிமையாளருக்குப் பின் குடும்பத்தார் விற்க நேரும்போதும் கை கொடுப்பது அந்தப் பிரதியே.

நம் கடைகளிலும் ஒரே பெயரில் பல அளவு, பல தரச் சரக்குகள் உள்ளன. பெயரை மட்டும் எழுதாமல் வகைக்கு ஓர் எண் கொடுத்து, விற்ற விலையைக் கொண்டு மதிப்பிட்டு, பதிவேட்டுக்குப் பிரதி ஒன்றும் வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் இருப்பு எடுப்பது எளிதாகும். வணிகப் பெருமக்கள் முதலில் ஓர் அலமாரியில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாம்.