உடைந்த பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்கு முன்...

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் எமது வியாபாரத்தில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். முன்பெல்லாம் கேத்தலோ பிளெண்டரோ உடைந்தால் புதியது கேட்டு வருவார்கள். இப்போது அதை ஒட்டுவதற்குக் 'கம்' கேட்டு வருகிறார்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் ஒரு சகோதரி கடைக்கு வந்தார். "நானா, கேத்தல்ல பிடி மட்டும்தான் உடைஞ்சிருக்கு. நல்ல கம் ஒன்டு தாங்க" என்றார். நானும் ஒரு சுப்பர் குளூவை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனித்தேன். சில வாரங்களுக்குப் பின்னர் புதிய கேத்தல் வாங்க வந்தவரின் காலில் கட்டுப் போட்டிருந்தது. கொதிநீரோடு தூக்கும்போது ஒட்டிய பிடி கழன்று விட்டதாம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கால் வெந்திருக்காது.

அந்தப் பிடி ஏன் கழன்றது? சாதாரண சுப்பர் குளூ சுமார் 80 பாகை செல்சியஸுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். தண்ணீரோ 100 பாகையில் கொதிக்கிறது. அத்தோடு, கேத்தல்கள் பல பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுபவை. முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் இருந்தால் அது இந்த வகை. இதில் சாதாரண பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. தாமரை இலைத் தண்ணீர் போலத்தான். ஒட்டியது போலத் தெரியும், பாரம் விழுந்ததும் கையை விட்டுவிடும்.

இரண்டாவது விடயம் மின்சாரம். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். சில உபகரணங்களின் அடியில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஓர் அடையாளம் இருக்கும். அவற்றுக்கு எர்த் வயர் கிடையாது. வெளியே உள்ள பிளாஸ்டிக் உறையும் பாதுகாப்பின் ஒரு பகுதி. அந்த உறை வெடித்தால் அழகு மட்டும் கெடவில்லை, காவலும் போய்விட்டது என்று அர்த்தம். வெடிப்பினூடாக ஈரம் உள்ளே போனால் ஆபத்து கைக்கு வரும். வெடித்த பிளக் டொப், சொக்கட், சுவிட்ச் ஆகியவற்றை ஒருபோதும் ஒட்ட வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

அப்படியானால் எதை ஒட்டலாம்? ரிமோட்டின் பெட்டரி மூடி, றேடியோவின் வெளிக்குமிழ், குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டின் விளிம்பு போன்றவற்றை ஒட்டலாம். இவற்றுக்கு இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபொக்சிப் பசை நல்லது. உடைந்த இடத்தை மண்தாளால் தேய்த்து, துடைத்து, ஒட்டிய பின் ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட வேண்டும்.

வேலை செய்யும்போதும் கவனம் தேவை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். ரிமோட்டாக இருந்தால் பெட்டரியை எடுத்துவிடுங்கள். மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதன் கப்பாசிற்றரில் உயிராபத்தான உயர் மின்னழுத்தம் தேங்கி நிற்கலாம். அதன் கதவு உடைந்தாலும் ஒட்டக் கூடாது, கதிர்கள் கசியலாம். பழைய குழாய் டீவிகளும் இப்படித்தான்.

சுப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தி பட்டதும் அது சூடேறித் தோலைச் சுடும். அதன்மேல் அப்பச்சோடா தூவும் வழக்கமும் உண்டு. அப்போதும் சூடும் கண் எரிக்கும் புகையும் எழும். சோல்டரிங் அயனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவோர் அந்த நச்சுப் புகையைச் சுவாசிக்கிறார்கள். தின்னர், அசிற்றோன் இலகுவில் தீப்பற்றுபவை. அடுப்படியில் இவ்வேலைகள் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

சுருக்கமாக நான்கு விடயங்களை நினைவில் வையுங்கள். சூடாகும் பாகம், மின்சாரத்தை மறைக்கும் பாகம், சுழலும் பாகம், உணவு படும் பாகம். இந்த நான்கையும் ஒட்டக் கூடாது. மின்விசிறியின் இறக்கையை ஒட்டினால் அது சுழலும்போது பறந்து வரும். பிளெண்டர் ஜாரை ஒட்டினால் பசை சாப்பாட்டில் கலக்கும். வீட்டின் ட்ரிப் சுவிட்சிலுள்ள பரிசோதனைப் பொத்தானையும் இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் உடனே மின்தொழிலாளியை அழையுங்கள்.

புதியது விற்பதற்காக இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மூடி, ஜார், குமிழ் போன்றவை பல வகைகளுக்குத் தனியாகவே கிடைக்கின்றன. முதலில் அதை விசாரியுங்கள். என் சக வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது கம் கேட்டால், "எதற்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. இப்போது கேட்காமல் கொடுப்பதில்லை.