வீதியின் கீழ் வளைகள்

நெல்வயல்களை ஊடறுத்துச் செல்லும் தார் வீதி மாரி காலத்திற் குழிவிழுமாயின், பழியை மழையின் மீதோ பாரவூர்தியின் மீதோ சுமத்துவது வழக்கம். அத்தகைய குழிகளுட் சில, முந்திய போகத்திலேயே அகழானால் தொடக்கிவைக்கப்பட்டவை என்பதை நாம் கருத்திற் கொள்வதில்லை.

பெரும்போகத்தில் வயலெங்கும் நீர் நிற்க, உலர்ந்த மேடாக எஞ்சுவன வரம்புகளும் குளக்கட்டுகளும் வீதியணைகளுமே. நெற்கதிரை வளைக்குட் சேமிக்கும் இயல்புடைய அகழானுக்கு இதனினும் வாய்ப்பான இருப்பிடம் வேறெங்குளது? நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்துள்ளோம் எனினும் பொருந்தும்.

தார்ப்பரப்புத் தன்னளவில் வலுவுடையதன்று. சில சென்ரிமீற்றர் தடிப்புடைய அம்மேற்படை, சக்கரத்தின் சுமையைச் சல்லிக்கும் கிறவலுக்கும் ஈற்றில் மண்ணுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. கீழே வெற்றிடம் தோன்றினும் மேற்படை சிறிதுகாலம் பாலம்போல் நின்று அதனை மறைத்துவிடும். ஆபத்து இம்மறைப்பிலேயே உள்ளது. வளையினூடு ஓடும் மழைநீர் நுண்மண்ணை அரித்து வெளியேற்ற, சிறு துளை பெரும் பொந்தாகின்றது. மதகின் பக்கச்சுவரை ஒட்டிய மண்ணை நன்கு இறுக்குதல் கடினமாதலால், தோண்டுவதற்கு அது இலகுவான இடமாகும்.

குழிமேற் சல்லியும் தாரும் இடுவது வெற்றிடத்துக்கு மூடியிடுவதேயாகும். நஞ்சு வைப்பதும் தீர்வன்று. எலி மடிந்தாலும் வளை மடிவதில்லை, நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தை மடியக்கூடும். வளை சென்ற வழியே வெட்டித் திறந்து, மண்ணைப் படைபடையாக இட்டு இறுக்குவதும், அணைச்சரிவிற் கம்பிவலை பதிப்பதுமே முறையான திருத்தமாகும்.

இஃது எமது நாட்டுக்கே உரிய சிக்கலன்று. நெதர்லாந்தில் 2023 மார்ச்சில், எஸ் என்னும் ஊருக்கருகே புகையிரதப் பாதையின் அணையை வளைக்கரடிகள் குடைந்தமையால் சேவை பல நாட்கள் தடைப்பட்டது. அவை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாதலால், அனுமதியின்றி அகற்றவும் இயலவில்லை. செல்வமிக்க நாடாயினும், வளை ஆழமாகிய பின்னர் வழி குறுகிவிடுகின்றது.

ஆகவே வளையை முதலிற் காண்பவர் யார் என்பதே முக்கியமான வினா. பொறியியலாளர் அல்லர், வீதியோரப் புல்லைச் செருக்கும் தொழிலாளியே சரிவிற் புதுமண் குவிந்திருப்பதை முதலிற் காண்பவர். தார் இட்ட பரப்பளவுக்கு மட்டுமே பணம் வழங்கும் ஒப்பந்தத்தில் அவர் கண்டதைப் பதிவதற்கு இடமேது? அவரிடம் கேட்டறிந்து வளைகளைத் திறந்து நிரப்புவதற்குரிய காலம் புரட்டாதி முடியும் வரையே; ஐப்பசி மழையில் ஊறிய மண் எவ்வளவு இடித்தாலும் இறுகுவதில்லை.