கணினி வலையமைப்பும் அதனை ஆளும் முறைமையும்



கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைச்சாலையில் ஏறிச் செல்வோர், 1925ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் காண்பர். இன்று அது தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓர் எஞ்சின் இயங்கும். அதனால் நீண்ட இரும்புத் தண்டு ஒன்று சுழலும். அத்தண்டோடு இணைந்த பட்டிகள் கொழுந்து உருட்டும் பொறிகளையும் பிற பொறிகளையும் சுழற்றும். பொறிதோறும் ஓர் எஞ்சின் வேண்டியதில்லை. கணினி வலையமைப்பின் முதற்பயனும் இதுவே.

இருபது கணினிகள் உள்ள பாடசாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவை தனித்தனியே நின்றால் இருபது அச்சுப்பொறிகள் வேண்டும்; அன்றேல் ஒன்றின் முன் அனைவரும் காத்து நிற்றல் வேண்டும். வடங்களால் இணைத்துவிட்டால் ஓர் அச்சுப்பொறி, ஓர் இணைய இணைப்பு, பொதுவான ஒரு களஞ்சியம் ஆகியவையே எல்லோர்க்கும் போதும். செலவு சுருங்கும், பயன் பெருகும்.

ஆயினும் செலவுக் குறைவினும் பெரிய பயன் ஒன்று உண்டு. அதனை நான் அறிந்தது ஒரு நட்டத்தின் வாயிலாகவே. சில ஆண்டுகளுக்கு முன், நான் கடமையாற்றிய பாடசாலை ஒன்றில் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் யாவும் ஒரே கணினியில் இருந்தன. ஐப்பசி மாதத்து இடிமழையில் அதன் வன்தட்டு பழுதாயிற்று. விடைத்தாள்களைத் திரும்பச் சேகரித்தோம். ஒரு மாணவி மட்டும் தன் கணிதத் தாளைத் தொலைத்திருந்தாள். அவள் நல்ல புள்ளி பெற்றதை ஆசிரியர் நினைவில் வைத்திருந்தார். ஆனால் நினைவைப் பதிவேட்டில் எழுத இயலுமா?

அதன்பின் கணினிகளை இணைத்தோம். புள்ளிகளைப் பொதுவான கோப்பு ஒன்றில் வைத்தோம். உடனே வேறொரு தொல்லை எழுந்தது. இரண்டு ஆசிரியர்கள் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து எழுத, பின்னர் சேமித்தவரின் எழுத்து முன்னவரின் எழுத்தை அழித்தது. இணைப்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. அவ்வொழுங்கைத் தருவதே வலையமைப்புப் பணிசெயல் முறைமை ஆகும்.

அதன் கடமைகள் நான்கு. முதலாவது, வருபவர் யார் என்பதைப் பெயராலும் கடவுச்சொல்லாலும் அறிதல். இரண்டாவது, அவருக்குரிய உரிமையை வரையறுத்தல்: ஆசிரியர் புள்ளிகளை எழுதலாம், மாணவர் தம்முடையதைப் படிக்க மட்டுமே செய்யலாம். மூன்றாவது, முறை வகுத்தல்: ஒருவர் எழுதும்போது மற்றவர் எழுதாதபடி கோப்பைப் பூட்டுதல், அச்சுக்கு வரும் வேலைகளை வரிசையில் நிறுத்துதல். நான்காவது, நடந்தவற்றைக் குறித்துவைத்து, கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்தல்.

ஐந்தாறு கணினிகள் மட்டும் இருப்பின் அவை ஒன்றுக்கொன்று சமமாக நின்று பகிர்ந்துகொள்ளலாம். தொகை பெருகினால் சேவையகம் என்னும் ஒரு கணினி பொறுப்பேற்றல் வேண்டும். 1980களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வெயார் இத்துறையிற் புகழ்பெற்றது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்டி 1993இல் வெளிவந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், விலையின்றிப் பெறத்தக்கது. ஆதலின் வசதி குறைந்த பாடசாலைகளுக்கு அது பேருதவி. லினக்ஸ் குடும்பத்தில் நம் நாட்டவர் உருவாக்கிய வெளியீடு ஒன்றுக்கு ஹந்தானை என்றே பெயர். தமிழுக்கும் சிங்களத்துக்கும் அதில் இடமளிக்கப்பட்டது.

இவ்வலை பாடசாலைச் சுவரோடு நிற்பதன்று. ஹந்தானை மலையடிவாரத்திற் பேராதனைப் பல்கலைக்கழகம் உள்ளது. அதனையும் நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களையும் லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு இணைக்கின்றது. 2020இல் பெருந்தொற்றினால் விரிவுரை மண்டபங்கள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த மாணவருக்குப் பாடங்கள் சென்றது இவ்வலையின் வழியாகவே. கல்வி முற்றாக நின்றுவிடாமற் காத்தவற்றுள் இதுவும் ஒன்று.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. எஞ்சின் நின்றால் எல்லாப் பொறிகளும் நிற்கும். சேவையகம் பழுதானாலும் அவ்வாறே. ஆகவே காப்புப் பிரதியை வேறொரு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். கடவுச்சொல்லை நண்பருக்கும் சொல்லுதல் தகாது. தேயிலைத் தொழிற்சாலையின் பட்டி, தான் யாருக்காகச் சுழல்கிறது என்று கேட்பதில்லை. கணினி வலையமைப்போ கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் அதில் ஓடுவது வெறும் விசையன்று. அந்த மாணவியின் புள்ளியைப் போன்ற, ஒருவருடைய உழைப்பின் பதிவே அதில் ஓடுகின்றது.