காற்றுத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடலை காய் பிடிக்குங் காலத்து முயலும், சோளம் பால் பிடிக்குங் காலத்துக் கிளியும், நெல் கதிர் விடுங் காலத்து எலியும் செய்யும் நஷ்டத்தைக் குடியானவர்கள் நன்கறிவர். வெடிமருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெறுவது எளிதன்று. ஆகையால் காற்றுத் துப்பாக்கி யொன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா என்னும் எண்ணம் பலருக்கு உண்டாகிறது. வேறு சிலர் தம் பிள்ளைகள் குறிபார்த்துச் சுடப் பழகும் பொருட்டு அதனை வாங்க விரும்புகின்றனர். இவ்விரு திறத்தாரும் கடையில் முதலிற் கேட்பது, "எது வேகம் மிகுந்தது?" என்பதே. இது தவறான கேள்வி. எக்காரியத்திற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற கருவியைத் தேடுவதே முறையாகும்.

வகைகள்

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்றே ஈய ரவையைக் குழலின் வழியே தள்ளுகிறது. காற்றை அழுத்தும் விதத்தைக்கொண்டு இதனை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஸ்பிரிங் வகை. குழலை மடக்கும்போது உள்ளேயுள்ள ஸ்பிரிங் சுருங்கி நிற்கும்; விசையை இழுத்தவுடன் அது விரிந்து, பிஸ்டனை முன்னே தள்ளிக் காற்றை அழுத்தும். விலை குறைவு, வேறு துணைக்கருவி வேண்டுவதில்லை, பல்லாண்டு உழைக்கும். ஆயினும் பிஸ்டன் ஓடும் அதிர்ச்சியால் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். இதனை இறுகப் பிடித்தால் குறி தவறும். உள்ளங்கையில் தளர்வாகத் தாங்கியே சுடவேண்டும்.

இரண்டாவது, முன்னரே காற்றடைத்து வைக்கும் வகை. இதன் உருளையில் ஏறக்குறைய 200 மடங்கு வளிமண்டல அழுத்தத்திற் காற்று அடைக்கப்படும். உதறல் மிகச் சொற்பம், குறியும் நன்கமையும். ஆனால் விலை அதிகம்; காற்றடிக்கத் தனிப் பம்பு வேண்டும்.

மூன்றாவது, கரியமிலவாயுக் குப்பியால் இயங்குவது. வெப்பம் மாறுந்தோறும் இதன் வேகமும் மாறுமாதலால், ஒரே அளவாகக் குறி வைக்க விரும்புவோருக்கு இது அவ்வளவு சிலாக்கியமன்று.

குழலின் அளவும் வேகமும்

பெரும்பாலும் வழங்கும் குழல்கள் 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என இரண்டு. 4.5 அளவுக்குரிய ரவை ஏறக்குறைய அரை கிராம் எடையுள்ளது, 5.5 அளவுக்குரியது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்தது. இரண்டையும் 16 ஜூல் சக்தியுடன் செலுத்தினால், சிறிய ரவை வினாடிக்குச் சுமார் 245 மீட்டர் வேகத்திலும், பெரியது சுமார் 185 மீட்டர் வேகத்திலும் செல்லும். சிறியது அதிகமாக வளையாமல் நேரே செல்வதால் தூரத்தைச் சற்றுத் தவறாக மதிப்பிட்டாலும் குறி பெரிதும் பிசகாது. பெரியது தைக்குமிடத்தில் அதிக அதிர்ச்சியைக் கொடுக்கும்.

விளம்பரங்களிற் கூறப்படும் வேகத்தை அப்படியே நம்புதல் கூடாது. மிக இலேசான ரவையைச் சுட்டுப் பெற்ற வேகத்தையே சிலர் அச்சிடுகின்றனர். மேலும், ரவையின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்குமளவில் அதன் போக்குக் குலைந்து குறி கெடும். ஆகவே வேகம் மிகுந்ததே சிறந்தது என்பது பொருந்தாது.

குறி பழகுவதற்கு

ஒலிம்பிக் பந்தயங்களில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984-இற் சேர்க்கப்பட்டது. இப்போட்டியிலேயே அபினவ் பிந்திரா 2008-இல் பீக்கிங்கில் தங்கப் பதக்கம் பெற்றார்; தனி வீரராக இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. அங்கே குறிப்பலகையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டரே. அதனைத் தைக்கும் துப்பாக்கிகளோ 7 அல்லது 8 ஜூல் சக்தியுள்ளவை, குழல் 4.5 மில்லிமீட்டர். தலை தட்டையான ரவைகளையே உபயோகிக்கின்றனர். அவை காகிதத்தில் விளிம்பு கிழியாத வட்டமான துளை செய்யும். குறி நன்கமைவதற்குச் சக்தி மிகவேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆகையால் பழகுவோர் கவனிக்கவேண்டியவை: துப்பாக்கியின் எடையும் கட்டையின் நீளமும் சுடுபவரின் உடலுக்கு ஏற்றனவாயிருத்தல், விசை சீராகவும் இலேசாகவும் இழுபடுதல், குழலை மடக்கித் திறக்கையில் அது ஆடாமை. வளர்ந்தவருக்குரிய கனத்த துப்பாக்கியைச் சிறுவன் கையிற் கொடுத்தால் அவன் தவறான நிலையிற் பழகிவிடுவான். பின்னர் அதனைத் திருத்துவது கடினம்.

சிறு வேட்டைக்கு

இங்கிலாந்தில் கோதுமை வயல்களை முயல்கள் பெரிதும் அழிக்கின்றன. தம் நிலத்தில் முயலைப் பிடிக்கும் உரிமை அங்குள்ள உழவருக்கு 1880-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. லைசென்ஸ் இன்றி அந்நாட்டில் வைத்துக்கொள்ளத்தக்க காற்றுத் துப்பாக்கியின் சக்தி 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல். இச்சிறு சக்தியைக்கொண்டு முயலை வருந்தவிடாமற் கொல்ல வேண்டுமாயின், ஏறக்குறைய 30 மீட்டருக்குள் நின்று தலையிலேயே சுடவேண்டும். அத்தூரத்தில் ஒரு ரூபாய் நாணயமளவு வட்டத்துக்குள் பத்து ரவையையும் அடுத்தடுத்துப் போடக் கூடாதவர் வேட்டைக்குச் செல்லலாகாது என்பது தக்க நியதி.

நம் நாட்டின் நிலை

மேற்கூறிய வழக்கம் நமக்குப் பொருந்தாது. 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல், மயில், கௌதாரி, காடை முதலியவற்றை வேட்டையாடுதல் குற்றம். கொல்வது மட்டுமன்று, காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் வேட்டையென்றே கொள்ளப்படும். பயிரைக் காத்தேன் என்று ஒருவர் தாமே துப்பாக்கி தூக்குவது தண்டனைக்கு இடமாகும். காட்டுப்பன்றி போன்ற பெரிய பிராணியைக் காற்றுத் துப்பாக்கியாற் சுட்டால் அது காயத்தோடு ஓடுமே தவிர மடியாது. இவற்றால் நஷ்டம் நேரின் வனத்துறையினரிடம் முறையிடுதலே நன்று.

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்ட அல்லது குழல் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். அரை கிராம் ரவையை வினாடிக்கு 305 மீட்டர், அதாவது 1000 அடி வேகத்திற் செலுத்தும் துப்பாக்கியின் சக்தி 20 ஜூலைத் தாண்டிவிடும். ஆகவே வேகத்தை மட்டுங் கண்டு வாங்குபவர் அறியாமலே சட்டத்தை மீறக்கூடும். துப்பாக்கியின் சக்தியைக் குறித்த எழுத்துமூலமான சான்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.

இனி, எலிக்குத் துப்பாக்கி வேண்டுவதில்லை. பகலில் வளையுள் ஒடுங்கி இரவில் மேயும் பிராணியை ஒவ்வொன்றாகச் சுட்டு எந்நாள் ஒழிப்பது? வரப்பைக் குறுக்கி வளைக்கு இடமில்லாமற் செய்தல், தஞ்சாவூர்க் கிட்டி வைத்தல், கூகை வந்து அமர வயலிற் குறுக்குக் கட்டை நட்ட கம்பங்களை நிறுத்துதல் ஆகியவை அனுபவத்தில் பலன் தந்தவை. கிளிக்குப் பரணும், தகரச் சத்தமும், பளபளக்கும் நாடாவும் போதும்.

பத்திரமான உபயோகம்

குறி பழக வாங்குவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க. ரவை தைக்கும் பலகைக்குப் பின்னே மணல்மூட்டை அல்லது மண்மேடு அமைக்கவேண்டும். கல்லிலும் இரும்பிலும் பட்ட ரவை திரும்பி வந்து கண்ணைக் கெடுக்கும். சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிதல் நலம். ரவையின்றி ஸ்பிரிங் துப்பாக்கியைச் சுட்டால் பிஸ்டன் மோதிப் பழுதாகும். ஸ்பிரிங் வகைக்குத் தொலைநோக்கி பொருத்துவதாயின் அதன் இருபுற உதறலைத் தாங்குமாறு செய்யப்பட்டதையே பொருத்துக. ஈய ரவையைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவு கொள்ளலாகாது. உபயோகித்தபின் ரவையை வேறிடத்திலும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும் வைக்கவேண்டும். பெரியவர் அருகில் இல்லாதபோது அது பிள்ளைகள் கைக்கு எட்டலாகாது.

வாங்குமுன் பக்கத்து ஊரில் துப்பாக்கிச் சங்கம் இருப்பின் அங்கே சென்று இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பார்ப்பது உத்தமம். நம் குடியானவருக்கு ஏற்றது 4.5 மில்லிமீட்டர் குழலும், மிதமான சக்தியும், கைக்கு அடங்கிய எடையும் உள்ள ஸ்பிரிங் துப்பாக்கியே. அதனைக் காகிதக் குறிக்கு வைத்துக்கொள்க. பயிர்க்காவலை மேற்சொன்ன வேறு வழிகளாற் செய்க.